காலைக் குளிரில் அணையும் கார்

எங்கள் தெருவில் பல்லக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சை வைத்துப் பல்செட்டு செய்து கொடுப்பது அவருடைய வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை, அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுத் தகடுகள், சுரண்டும் கத்திகள், மாவுப் பொடி படிந்து நிறம் மாறிப்போன ஒரு ரேடியோ. பின்னால் அலமாரி நிறைய, மாவுக்கட்டு போடும் வெள்ளை மாவில் வார்த்த தாடைகள். "உங்க வாயைப் பத்தி எனக்குத் தெரியாததா" என்று அவர் யாரிடமாவது சொன்னால் அதில் எகத்தாளம் எதுவும் இல்லை, வெறும் தகவல்தான். எதிர்வீட்டுக்காரனான என்னுடைய கீழ்வரிசையும் அவர் கைவேலைதான். புதுச் செருப்பு கடிப்பதுபோலப் பல்செட்டும் கடிக்கும் என்பார்கள். என்னுடையது ஒரு நாளும் என்னைக் கடித்ததில்லை.

அவருடைய கணவர் பெயிண்ட் கம்பெனி ஒன்றில் விற்பனையாளர். ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய், வண்ண அட்டைகளைக் காட்டி ஆர்டர் எடுத்து வருவார். தெருவில் அவருக்குப் பெயிண்ட்காரர் என்று பெயர். வாய் ஓயாத மனிதர். "இவர் பேசுறதைக் கேட்டா சுவரே எந்திரிச்சு வந்து பூசிவிடச் சொல்லும்" என்று பல்லக்கா சொல்வார். பெயிண்ட்காரருக்கு அலுவலகம், சாப்பாட்டு அறை, பகல் தூக்கம் எல்லாமே அவருடைய நீலக் கார்தான். கார்பரேட்டர் வைத்த பழைய கார். புது வண்டிகளைப்போலச் சாவியைத் திருகியதும் கிளம்பிவிடாது. குளிர்ந்த இஞ்சினுக்குக் காற்று குறைவாகவும் பெட்ரோல் அதிகமாகவும் வேண்டும். அதற்காக டேஷ்போர்டில் ஒரு குமிழ் உண்டு, சோக்கு என்பார்கள். அதை இழுத்தால் கார்பரேட்டரின் வாயில் இருக்கும் ஒரு சின்ன மூடி சாய்ந்து காற்றை மறிக்கும். இஞ்சின் சூடேறியதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

காலையில் பெயிண்ட்காரர் சோக்கை இழுத்து வண்டியைக் கிளப்பிவிட்டு, கண்ணாடியை இறக்கி என்னோடு அரட்டை அடிப்பார். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கால் ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். வண்டியில் அப்போதே கோளாறு இருந்திருக்கிறது. அவருடைய கால் அதை யாருக்கும் தெரியாமல் சமாளித்து வந்திருக்கிறது. அவருக்கே அது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போன பெயிண்ட்காரர் சமையலறை வாசலில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் வலது காலும் பாதிக்குப் பாதிதான் அவர் சொன்னபடி கேட்டன. பேச்சு மொத்தமாகப் போயிருந்தது. யார் என்ன சொன்னாலும் புரிந்தது. அவருக்குள்ளும் சொல்ல விஷயம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வரும் வார்த்தைதான் இல்லை. வாயைத் திறப்பார், உதடு துடிக்கும், காற்று மட்டும் வரும். பிறகு வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் ரேடியோ சத்தத்தை நான் தனியாகக் கேட்டது அப்போதுதான். அதுவரை அதற்குமேல் அவர் பேசிக்கொண்டிருப்பார்.

தினமும் காலையில் அவரைப் பயிற்சி நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. கை காலுக்கு ஒருவர், பேச்சுக்கு ஒருவர். முதலில் வாடகை வண்டி பேசினார்கள். அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்து உட்காருவதற்குள் டிரைவர்கள் பொறுமை இழந்தார்கள். ஒரு டிரைவர் அவர் தலைக்கு மேலாக, "இவருக்குக் காது கேக்குமாம்மா?" என்று பல்லக்காவிடம் கேட்டார். மறுநாள் பெயிண்ட்காரர் வாடகை வண்டிக்குள் ஏற மறுத்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பல்லக்கா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அவர் தலையைத் திருப்பி, கொட்டகையில் துணி போர்த்தி நின்றுகொண்டிருந்த நீலக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லக்காவிடம் லைசென்ஸ் இருந்தது. அது எடுத்த நாளிலிருந்து பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் தெருவுக்கு அந்தக் காரின் இருமல்தான் அலாரம். சோக்கை முழுக்க இழுப்பார், சாவியைத் திருகுவார், வண்டி பிடித்துக்கொள்ளும். அப்பாடா என்று காலை எடுப்பார், இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு அணைந்துவிடும். மறுபடியும் கிளப்புவார். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துத் தள்ளுவார், பெட்ரோல் நாற்றம் என் வீட்டுக் கூடம்வரை வரும். எப்படியோ தெருமுனை தாண்டினால் சிக்னலில் நின்றுபோகும். பின்னால் இருப்பவர்கள் ஹாரனாலேயே திட்டித் தீர்ப்பார்கள். ஊர் சுற்றி ஓடி, இஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பி வரும்போது பூனைபோல வரும்.

இந்தக் கூத்து நடக்கும்போது பக்கத்துச் சீட்டில் இருக்கும் பெயிண்ட்காரர் நல்ல கையை, அதாவது இடது கையை, உடம்புக்குக் குறுக்கே நீட்டி அந்தச் சோக்குக் குமிழைத் தொடுவார். இழுப்பார், விடுவார், மறுபடி இழுப்பார்.

"கையை எடுங்க. நானே திண்டாடிக்கிட்டு இருக்கேன், நீங்க வேற விளையாடுறீங்க" என்று பல்லக்கா அந்தக் கையைத் தட்டிவிடுவார்.

ஊரின் மறுகோடியில் இருந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார். நல்ல மனிதர், ஆனால் அவர் கடை வாசலுக்குப் போவதற்குள் வண்டி சூடாகி ஒழுங்காக ஓடத் தொடங்கிவிடும்.

"ஸ்லோல விட்டாலும் அணையாம நல்லாத்தானே ஓடுது அக்கா?" என்றார் மெக்கானிக்.

"உங்களைப் பார்த்ததும் நல்ல பிள்ளை ஆயிடுதுங்க. டாக்டர்கிட்ட போனதும் பல்வலி நின்னுபோற மாதிரி."

மெக்கானிக் சிரித்துவிட்டு, கார்பரேட்டரில் இருந்த ஒரு திருகாணியைக் கொஞ்சம் முறுக்கினார். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டாலும் இஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும் திருகாணி அது. "கொஞ்சம் தூக்கி வச்சிருக்கேன். இனிமே அணையாது. ஆனா வண்டிக்கு வயசாயிடுச்சு அக்கா, மனசுல வச்சுக்கோங்க" என்றார்.

மறுநாள் காலை வண்டி அணையவில்லை என்பது உண்மைதான். சோக்கை உள்ளே தள்ளாமலே ஓட்டியதில், தட்டுத் தடுமாறியாவது ஓடியது. ஆனால் சூடேறியதும் மதம் பிடித்ததுபோல இரையத் தொடங்கியது. பல்லக்கா பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு பயிற்சி நிலையத்தின் வாசல்வரை வந்துவிட்டார். வளாகத்துக்குள் திருப்பி, நிறுத்தும் இடத்தைப் பார்த்து, கிளட்சிலிருந்து காலைக் கொஞ்சம் அவசரமாக எடுத்தார். வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, வாசலில் இருந்த பெரிய பூந்தொட்டியில் முட்டி நின்றது. தொட்டி இரண்டாகப் பிளந்து மண்ணெல்லாம் படியில் சரிந்தது.

அந்த நொடியில் பக்கத்துச் சீட்டிலிருந்து, தெளிவாக, கணீரென்று ஒரு குரல் வந்தது.

"சனியனே."

பல்லக்கா திரும்பிப் பார்த்தார். பெயிண்ட்காரரும் யார் சொன்னது என்று தேடுகிறவர்போல அவரைப் பார்த்தார். வாசல் காவலாளி ஓடி வந்து, ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்துகொண்டு தோள் குலுங்கக் கிடந்த பல்லக்காவைப் பார்த்து, அடிபட்டு அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரப் போனார். பல்லக்கா சிரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்திருக்கலாம், என்னிடம் சொல்லும்போது அது அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணை எல்லோரும் பேச்சு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயது, நிதானமானவர். நடந்ததைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"இது நல்ல அடையாளம்மா. யோசிச்சுச் சொல்ற வார்த்தை வராது. ஆனா காலம் பூரா வாய்க்குப் பழகின திட்டு, எண்ணிக்கை, பாட்டு இதெல்லாம் வேற வழியா வெளியில வந்துடும். கொஞ்ச நாளைக்கு அந்த ஒரு வார்த்தையே எல்லாத்துக்கும் வரும். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

அப்படியேதான் ஆயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் "சனியன்." போதும் என்றால் "சனியன்." சட்டையின் பொத்தானைப் போட்டுவிடும் மனைவியைப் பார்த்து, கண்ணில் நன்றியோடு, "சனியன்." தொட்டி உடைந்த அன்றே, வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள்.

"அப்பா பேசினாராமே? என்னம்மா சொன்னாரு?"

"சனியனேன்னாரு."

"உன்னையா?"

"காரைன்னு நினைக்கிறேன். என்னையாவும் இருக்கலாம்."

பூந்தொட்டி விவகாரத்தைக் கேட்டதும் மகள் குரல் மாறிவிட்டது. "அம்மா, அப்பா சொன்னதுதான் சரி. அந்தச் சனியனை வித்துத் தொலை. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவரை யாரு பார்க்கிறது?"

அவள் சொன்னதில் தப்பில்லை என்று பல்லக்காவுக்கும் தெரியும். விற்றுவிடலாமா என்று அவரிடமே கேட்டார். பெயிண்ட்காரர் எழுந்து, தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்துக் கொட்டகைக்குப் போய் காரின் பானெட்டைத் தட்டினார். திறக்கச் சொல்கிறார் என்று பல்லக்காவுக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று.

பயிற்சி இல்லாத விடுமுறை நாள் அது. இரவெல்லாம் நின்று வண்டி சில்லிட்டுக் கிடந்தது. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் போட்டு, கம்பளி போர்த்தி அவரை உட்கார வைத்தார் பல்லக்கா. பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். பட்டறையிலிருந்து ஒரு சுரண்டும் கத்தியைக் கொண்டுவந்து, வகுப்பில் படத்தைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார்.

"இதுவா?"

"சனியன்." அசட்டையாக வந்தது. இல்லை என்று அர்த்தம்.

"இதுவா?"

"சனியன்." இன்னும் அசட்டையாக.

மேலே தட்டுபோல இருந்த காற்று வடிகட்டியைத் தொட்டதும் அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, இடது கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "சனியன் சனியன்" என்றார், அவசரமாக. வடிகட்டியின் மூடியைக் கழற்றினார் பல்லக்கா. உள்ளே கார்பரேட்டரின் வாய் தெரிந்தது. பெயிண்ட்காரர் காருக்குள் கையைக் காட்டினார், இழுப்பதுபோலச் செய்தார். பல்லக்கா போய்ச் சோக்குக் குமிழை முழுக்க இழுத்துவிட்டு வந்து பார்த்தார். மூடி பாதிதான் சாய்ந்திருந்தது.

தாடைகளோடு காலம் தள்ளுகிறவருக்கு அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "வாய் மூடலைங்க. நான் முழுக்க இழுத்திருக்கேன், இது பாதிதான் மூடியிருக்கு."

பெயிண்ட்காரர் கண்ணை மூடித் திறந்தார்.

அப்போதுதான் பல்லக்காவுக்கு உறைத்தது. தினமும் காலையில் அவர் குமிழை இழுத்து இழுத்து விட்டது விளையாட்டு இல்லை. அது பாரமே இல்லாமல் கையோடு வருகிறது, கம்பி எங்கோ நழுவியிருக்கிறது என்பதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கையைத்தான் இவர் தட்டித் தட்டிவிட்டிருக்கிறார்.

அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் குனிந்து வேலையைப் பார்த்தார். சோக்குக் கம்பியைக் கார்பரேட்டரோடு பிடித்துவைக்கும் கவ்வியின் திருகாணி தளர்ந்துபோயிருந்தது. குமிழை உள்ளே தள்ளிவிட்டு, மூடியை நேராக நிறுத்தி, கம்பியைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து முறுக்கினார். மறுபடி குமிழை இழுத்தார். கையில் பாரம் தெரிந்தது. மூடி முழுக்கச் சாய்ந்தது. சாவியைத் திருகியதும் வண்டி முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டு, காலே வைக்காமல் கம்பீரமாக ஓடியது. நான் என் வாசலில் நின்று கை தட்டினேன்.

கொஞ்ச நேரம் ஓடியதும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளினார். இஞ்சின் தடுமாறியது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். அணைந்துவிட்டது.

மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. சூடேறும் அளவுக்கு ஒரு தடவைகூட ஓடாமல், அன்று காலை முழுக்க அப்படியே போயிற்று. சோக்கு வெளியே இருக்கும்வரை ஓடும், தள்ளினால் செத்துப்போகும். பல்லக்காவின் விரலெல்லாம் கிரீஸ், முழங்கையில் ஒரு சிராய்ப்பு. நாற்காலியிலிருந்து "சனியன், சனியன்" என்று விடாமல் குரல் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ராகத்தில். ஒரு கட்டத்தில் பல்லக்கா கத்தியை வீசி எறிந்தார்.

"நல்லாப் பேசின காலத்துல ஊரெல்லாம் பேசினீங்க. ஒரு நாள் என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, இது இப்படி, அது அப்படின்னு சொல்லியிருக்கலாம்ல? இப்ப சனியன் சனியன்னா எனக்கு என்ன புரியும்?"

பெயிண்ட்காரர் வாயை மூடிக்கொண்டார். பல்லக்கா அவரை உள்ளே அழைத்துப்போக வந்தபோது கையைக் கொடுக்கவில்லை. தானாகவே தடியை ஊன்றி எழுந்து போனார். அதன்பிறகு ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் பயிற்சிக்குக் கிளம்பச் சொன்னால் அசையவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பேச்சு டீச்சர் போன் செய்து விசாரித்தார். உடம்பு சரியில்லை என்று பல்லக்கா சொல்லிவைத்தார்.

அந்த நாட்களில் அவர் என்னிடம் வந்து, "வாயடைச்சுப் போன மனுஷன்கிட்ட சண்டை போட்டுட்டேன் அண்ணே. அவரால திருப்பிக்கூடக் கேக்க முடியாது" என்றார். "மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றேன். "கேட்டேன். அதைக் கேட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான்" என்றார்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, பல்லக்கா பட்டறையில் ஒரு மேல்வரிசைப் பல்செட்டைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மாவுத் தாடையில் சரியாக ஒட்டாமல் விழுந்துகொண்டே இருந்தது. பெயிண்ட்காரர் வாசலில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, மேசையைத் தட்டி, அவரைத் தன் முகத்தைப் பார்க்கச் செய்தார். உதடுகளை இறுக்க மூடிக்கொண்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் திறந்து, உள்ளே இழுத்தார். ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்தது.

"பல் வலிக்குதா?"

தலையை ஆட்டினார், இல்லையென்று. ஜன்னல் வழியாகக் காரைக் காட்டினார். மறுபடி ஸ்ஸ்ஸ். பிறகு மேசைமேல் இருந்த பல்செட்டைத் தொட்டார்.

மேல்வரிசைப் பல்செட்டு பசையால் ஒட்டி நிற்பதில்லை. அதற்கும் அண்ணத்துக்கும் நடுவே காற்று இல்லாததால் நிற்கிறது. எங்காவது ஒரு மயிரிழை இடைவெளி இருந்து காற்று புகுந்தால், ஆள் பேசப் பேச விழுந்துவிடும். இது பல்லக்காவுக்குத் தூக்கத்திலும் தெரிந்த விஷயம்.

"காத்தா?" என்றார் மெதுவாக. "எங்கேயோ காத்து பூருதா? அது உள்ள பூந்துதான் அணையுதா?"

பெயிண்ட்காரர் உதட்டைக் குவித்தார். உதடு துடித்தது. பல்லக்கா உதவிக்குப் போகாமல், மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கா," என்றார் அவர். "காத்து."

அவர் தேடி எடுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது. பல்லக்கா எழுந்து சத்தம் போட்டுக் கொண்டாடவில்லை. "காத்து" என்று தானும் ஒரு முறை சொன்னார். "வாங்க, பார்ப்போம்" என்றார்.

இஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. நாற்காலியும் கம்பளியும் வெளியே வந்தன. இந்தத் தடவை பட்டறையிலிருந்து ஒரு வாய்க் கண்ணாடியும், தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் குப்பி ஒன்றும் வந்தன. வாய்க் கண்ணாடி என்பது பல் டாக்டர்கள் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தைப் பார்க்க வைத்திருக்கும், நீளக் கம்பியின் நுனியில் பொத்தான் அளவுக் கண்ணாடி. வண்டியைக் கிளப்பி, சோக்கைப் பாதி தள்ளி, தடுமாறும் நிலையில் விட்டுவிட்டு, கார்பரேட்டரின் அடிப்பக்கம் பொருந்தும் இடங்களில் எல்லாம் குப்பியால் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டார். காற்று புகும் ஓட்டை இருந்தால் தண்ணீர் அதைக் கொஞ்ச நேரம் அடைக்கும்; இஞ்சின் சத்தம் மாறும். குனிந்தபோது அவருடைய சால்வை நுனி இஞ்சினுக்கு முன்னால் சுழலும் விசிறிப் பக்கம் சரிந்தது. பெயிண்ட்காரர் நாற்காலியிலிருந்து பாய்ந்து அதைப் பிடித்து இழுத்தார். "தள்ளு" என்றார். அந்த வார்த்தை வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் பல்லக்காவுக்கு ஞாபகம் வந்தது.

கார்பரேட்டரின் அடிப்பக்கத்தில் சொட்டுவிட்டபோது ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்து கிளம்பி இஞ்சினின் பக்கவாட்டுக்குப் போகும் சுண்டுவிரல் பருமன் ரப்பர்க் குழாயில் சொட்டுவிட்டதும், தடுமாறிக்கொண்டிருந்த இஞ்சின் ஒரு மூச்சு சீராக ஓடி மறுபடியும் தடுமாறியது. வண்டியை அணைத்துவிட்டு, குழாயின் அடியில் வாய்க் கண்ணாடியைச் செருகிப் பார்த்தார் பல்லக்கா. மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், குழாய் பொருந்தும் வளைவில், ஒரு பிளவு சிரித்துக்கொண்டிருந்தது. குளிரில் ரப்பர் விறைத்து வாயைத் திறந்துகொள்ளும். சூடேறினால் இளகி மூடிக்கொள்ளும். அதனால்தான் மெக்கானிக் கடை வாசலில் நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறது.

கண்ணாடியைச் சாய்த்துப் பெயிண்ட்காரருக்குக் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவியின் கிரீஸ் கையை எடுத்துத் தன் கம்பளியில் துடைத்துவிட்டார்.

மெக்கானிக் தானே வந்து புதுக் குழாய் மாட்டினார். "சூட்டுல பார்த்து ஏமாந்துட்டேன் அக்கா. ஒரு ராத்திரி வண்டியை இங்க விட்டுட்டுப் போங்கன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார். தான் தூக்கிவைத்த திருகாணியையும் பழையபடி இறக்கிவிட்டார். இறக்கும்போது காதைத் தாழ்த்திக் கேட்டுவிட்டு, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, "போதுமா சார்?" என்றார். பெயிண்ட்காரர் விரலால் இன்னும் கொஞ்சம் என்று காட்டினார். மெக்கானிக் இன்னும் கொஞ்சம் இறக்கினார். வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் அவரிடம் ஒரு கேள்வியை நேராகக் கேட்டு, அவர் பதிலின்படி நடந்தார். அதை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவராகவே சட்டையை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். வண்டி கிளம்பியது, அணையவில்லை, சோக்கைத் தள்ளிய பிறகும் அணையவில்லை. சிக்னலிலும் அணையவில்லை.

பேச்சு டீச்சர் நடந்ததைக் கேட்டு, ஆப்பிள், கோப்பை, நாற்காலி என்று இருந்த படங்களை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார். "நாங்க ஆப்பிளைக் காட்டிக்கிட்டு இருந்தோம். அவருக்கு ஆப்பிளைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை போலிருக்கு" என்றார். சில நாட்கள் பயிற்சியே வாசலில் காருக்குப் பக்கத்தில் நடந்தது. கண்ணாடி, கதவு, சக்கரம். பிறகு நீலம், வெள்ளை, பச்சை என்று அவருடைய பழைய வண்ண அட்டைகளும் வந்தன. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவை சில சமயம் மறுநாள் காணாமல் போயின. "இங்க" என்பதற்கு "அங்க" வந்தது, மனைவிக்கு மகளின் பெயர் வந்தது. முழுசாகத் திரும்புமா என்று பல்லக்கா கேட்டதற்கு டாக்டர், நிறைய வரும், எல்லாம் வராது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு வந்த அன்று பல்லக்கா பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் திறந்துவிட்டார். பெயிண்ட் கம்பெனி வேலை போனது போனதுதான்.

விடுமுறைக்கு வந்த மகள் காரை விற்கும் பேச்சை எடுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, அரை வார்த்தையும் கை ஜாடையுமாகப் பிளக்கைக் கழற்றலாமா வேண்டாமா என்று தர்க்கம் செய்துகொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்பத்தான் அம்மாவுக்குச் சரிசமமாப் பேச வாய்ப்பு கிடைச்சிருக்கு" என்று என்னிடம் சொன்னாள்.

பல்லக்கா பல்செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கணவரையும் கூட்டிப்போக ஆரம்பித்தார். அவர் உள்ளே போய் வரும்வரை பெயிண்ட்காரர் காரிலேயே உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு நாள், ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்ததைப் பல்லக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேலையை முடித்து, அடுத்த டாக்டருக்கான பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, அவர்களுடைய காருக்குப் பக்கத்தில் ஒரு பெண் பழைய ஸ்கூட்டர் ஒன்றை உதைத்துக்கொண்டிருந்தாள். கிளம்பியது, அணைந்தது. காரின் ஜன்னல் இறங்கியது.

"ஏம்மா," என்றார் பெயிண்ட்காரர். "சோக்கு... போடு."

"போட்டேன் அங்கிள். போட்டா ஸ்டார்ட் ஆகுது. எடுத்தா நின்னுடுது."

"உடனே... எடுக்காத. கொஞ்சம்..." அவர் வார்த்தையைத் தேடினார். அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "கொஞ்சம் இரு."

"எவ்வளவு நேரம் அங்கிள்?"

"அது... சொல்லும்."

அவள் மறுபடி உதைத்தாள். ஸ்கூட்டர் பிடித்துக்கொண்டது. அவள் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஜன்னலில் முழங்கையை வைத்து அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் மெல்ல மாறியது. அவர் தலையசைத்தார். அவள் சோக்கை எடுத்தாள். ஸ்கூட்டர் அணையவில்லை. "தேங்க்ஸ் அங்கிள்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பல்லக்கா பெட்டியோடு பக்கத்துத் தூண் ஒன்றின் பின்னாலேயே நின்றுவிட்டார். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே. நிதானமாப் பேசுற ஆளுன்னு நினைச்சிருக்கும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் தோணியிருக்காது" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்துப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ஏன்... லேட்டு?" என்று கேட்டார் பெயிண்ட்காரர். குரலில் நல்ல எரிச்சல்.

"உள்ள கூட்டம்" என்று சொல்லிவிட்டு, பல்லக்கா வண்டியைக் கிளப்பினார்.